இழுவைக்கு மாற்றிய வண்டி

அகரம்

அன்பு மகள் ரூபிக்கு அம்மா எழுதுவது. மாதா அருளால் நானும் அப்பாவும் சுகம், ஆக்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாட ஜெபம். உனக்கு எடுத்த சின்னாளப்பட்டிச் சேலைக்குள் இதை மடித்து வைக்கிறேன், போனில் சொன்னால் இடையிலேயே சத்தம் போடுவாய். கோபப்படாதே தாயி, உன் நாலு சக்கரக் குட்டிப் பந்தய வண்டியில் கை வைத்துவிட்டேன்.

அப்பாவுக்குத் தொடையில் கம்பி வைத்ததிலிருந்து ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் தென்னந்தோப்பை அவர் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார், பேச்சும் குறைந்துபோனது. ஓடை மணலில் ஆட்டோ இறங்காது, டிராக்டரில் அவரால் ஏற முடியாது. உன் வண்டி தாழ்வாக, பக்கத்திலேயே இன்னொரு சீட்டும் இருக்கிறதே என்று ஒரு நாள் காலையில் அவரை உட்கார வைத்து நானே ஓட்டிப் போனேன். நடு மணலில் என்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை, பெல்ட் கருகிய வாடை வந்தது. "என்னால ஒனக்கும் கஷ்டம் இசைவாணி, திரும்பிருவோம்" என்றார் அப்பா. தேங்காய் வெட்ட வந்தவர்கள்தான் கரைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மெக்கானிக் நூர் முகமதுவை வரச் சொன்னேன். "ரூபி இத வேகத்துக்குன்னு செட் பண்ணிருக்குக்கா, ஆள ஏத்திக்கிட்டு மணல்ல இழுக்காது" என்றார். கிளட்சைத் திறந்து, உள்ளே இருந்த கனமான வெயிட்டுகளை எடுத்துவிட்டு லேசானவற்றைப் போட்டார், ஸ்பிரிங்கையும் விறைப்பானதாக மாற்றிப் புது பெல்ட் மாட்டினார். இனிமேல் என்ஜின் நன்றாகச் சுற்றிய பிறகுதான் கிளட்ச் பிடிக்கும், கிளம்பும்போதே இழுவை இருக்கும், ஆனால் ஓட்டத்தில் வேகம் குறையும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி ஏற மாட்டேன் என்ற அப்பாவைக் கெஞ்சித்தான் ஏற்றினேன். வண்டி உறுமிக்கொண்டு மணலை மெதுவாகக் கடந்து மேடேறியது. தோப்புக்குள் போனதும் அப்பா உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஒரு தென்னையைத் தொட்டார். வரும் வழியில் "இம்புட்டு மெதுவாத்தான் போகுமா? ரூபி பறப்பான்னுல ஊரே சொல்லுச்சு" என்றார். இழுவைக்காக வேகத்தைக் குறைத்திருக்கிறோம் என்றேன். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று உன் பந்தயம் ஒன்றுக்குக்கூட வராத மனிதர் சொல்கிறார், "அவ வாரப்ப பழையபடி மாத்திரு. நானும் ஒருக்கா பாக்கணும்."

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்வாள். லீவு எப்போது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு, அப்பா தினமும் கேட்கிறார்.

ஆசியுடன்,
அம்மா இசைவாணி