நலமானவர்களில் ஒருவர்

புதன்கிழமை, மழை

சிறுநீரகப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் ஒரு நொதியை அளக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க, அவர்களோடு வரும் நலமான உறவினர்களிடமும் ரத்தம் எடுக்கிறோம். இன்று, ஒரு நோயாளியின் தம்பியான பாபுவின் ரத்தம் மட்டும் நோயாளிகளின் அளவையே காட்டியது. மறுபடி செய்தேன். அதே அளவு.

"இத வச்சு நோய்னு சொல்ல முடியாது. கணக்குல சேர்க்காத, விட்டுடும்மா" என்றார் ஆய்வை வழிநடத்தும் சார்.

மாலையில் திருவேற்காட்டில் ஏறிய ஷேர் ஆட்டோவை ஓட்டியவர் பாபுவேதான்.

"நம்ம ரத்தம் நல்லாக்கீதா, மேடம்?"

"ம்" என்றேன்.

"அப்ப அண்ணனுக்கு ஒரு கிட்னி குடுத்துர்றேன். எனக்கு ஒண்ணு போதும்."

குமணன்சாவடியில் இறங்க வேண்டியவள் பூந்தமல்லி வரை போனேன். இறங்கியதும் காசை மட்டும் நீட்டினேன்.