மீன்குழம்பு கேட்கும் சாமி

அத்தானுக்கு,

போனில் பேச முடியவில்லை. வீட்டில் எந்நேரமும் மடத்து ஆட்கள். மஸ்கட்டுக்குத் திரும்பும் அனில்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மடத்துச் சாமி யாருக்கும் உபதேசம் சொல்லி வாரிசாக்காமல் சமாதியானது உங்களுக்குத் தெரியும். அவர் முணுமுணுக்கும் பாட்டை நம் பிள்ளை பாடிவிட்டாளாம். சாமிதான் அவளாக வந்திருக்கிறார் என்கிறார்கள்.

"மடத்துல பெருக்கும்போ காதுல விழுந்த பாட்டு. நாந்தான் அதப் பாடி அவள உறக்குனேன்" என்றேன்.

"அப்ப ஒன் வழியா வந்திருக்காரு" என்று எனக்கும் மாலை போட்டார்கள்.

திருவட்டாறிலிருந்துகூட வந்து அவள் காலில் விழுகிறார்கள். பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மீன்குழம்பு கேட்டு அழுகிறாள், கொடுக்கக் கூடாதாம். கதவைச் சாத்திவிட்டு ஊட்டினேன். வெள்ளிக்கிழமை அவளைச் சாமியின் பலகையில் உட்கார வைக்கப்போகிறார்கள்.

நேற்று தலைவலியோடு அடுக்களையில் இருந்தேன். அவள் வந்து என் நெற்றியில் கைவைத்து, "ஒண்ணும் இல்ல மக்கா" என்றாள். சாமி அப்படித்தான் சொல்வார். வலி நின்றுவிட்டது. என்னை அறியாமல் அவள் காலில் விழுந்துவிட்டேன், அத்தான். அவள் பயந்து அழுதாள்.

லீவு கிடைக்காவிட்டாலும் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னிடம் விட்டுவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் அவளுக்கு அம்மாவாக இருக்கிறவள்