y-யும் வேண்டும்

என்னங்க,

நீங்கள் எழுவதற்குள் கிளம்புகிறேன். ஹாட்பேக்கில் இட்லி இருக்கிறது. டிஷ்வாஷர் ரிப்பேர் பண்ண ஆள் வருவார். பெல் வேலை செய்யவில்லை, கதவைத்தான் தட்டுவார். ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள்.

ஓவியாவின் ஹோம்வொர்க்கைப் பார்த்தேன். x + y = 10, x − y = 4. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டையும் கூட்டி y-ஐ எலிமினேட் பண்ணியிருக்கிறாள். x = 7 என்று வந்ததும் கோடு போட்டு முடித்துவிட்டாள். எல்லாக் கணக்கும் இப்படித்தான், பாதி விடை. அந்த 7-ஐ முதல் சமன்பாட்டில் போட்டு y-யையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால், "டாட் ஆல்ரெடி செக்ட் இட்" என்பாள்.

நேற்று சாப்பிடும்போது நீங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் ஏதோ பேசிச் சிரித்தீர்கள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, விடு" என்றீர்கள்.

இந்தக் கேட்டி ஊர் வெயில் ஏறுவதற்குள் ஏரியைச் சுற்றி நடக்கப் போகிறேன். போன் கிச்சனில் சார்ஜில் இருக்கிறது. தேட வேண்டாம்.

தேன்மொழி

பி.கு. y எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். அவள் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று. மேலே 'தேட வேண்டாம்' என்று எழுதியதை அடித்துவிட்டேன். ஏரிக்கரை கிளப்ஹவுஸிலிருந்து இடப்பக்கமாக நடப்பேன்.