ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கோயில் மாதர் சங்கக் கூட்டத்துக்குத் தேத்தண்ணி பிளாஸ்க் தூக்கிக்கொண்டு சரோவோடு போனேன். கடைசி வரிசைக் கதிரை, தலைக்கு மேலே ஃபேன். நித்திரை. கைதட்டல் கேட்டு விழித்தேன். எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே.

எதற்குத் தட்டினேன் என்று வீட்டுக்கு வரும் வழியில் சரோ சொன்னாள். ஆடி வெள்ளி விளக்குப் பூசையில் ஒரு வீட்டுப் பெண்களுக்கு ஒரு விளக்கு. எங்கள் மகள் அபியும் வாணியும் நாலு வருசமாகக் கல்கிசையில் ஒரே வீட்டில், சோடியாக. அவர்களுக்கும் ஒரு விளக்கு வையுங்கோ என்று சரோ எழுந்து கேட்டிருக்கிறாள். அதற்குத் தலைவி: "அது குடும்பம் இல்லை, சரோ அக்கா. வேணுமெண்டா பிள்ளையள் தனித்தனிய வரட்டும்." அதற்குத்தான் கைதட்டல்.

"மனிசி எழும்பிக் கேக்கிறா, புருசன் கைதட்டுறார். நல்ல குடும்பம்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். குழாய் திருத்துகிற ஆள் நாளைக்கு வருவானாம், நாலாவது தரமாகச் சிங்களத்தில் சொல்கிறான். அந்த ஒரு விளக்குக்காகச் சரோ கையெழுத்து வாங்க ஒரு தாளோடு வெள்ளவத்தை ஒழுங்கைகளெல்லாம். லிஃப்ட் இல்லாத மாடிகள், அவளுடைய முழங்கால். நான் குடை பிடித்தேன். எனக்கு ஏற்ற உத்தியோகம்.

கையெழுத்து வைத்தவர்கள்:
சரோ
பூமாலை கட்டும் மலர்
கீழ்வீட்டு ரீச்சர்

ரீச்சர் சொன்னது: "இதெல்லாம் எனக்கு விளங்காது சரோ. ஆனா போன திருவிழாவுக்கு வாணி என்னோட நிண்டு நாள் முழுக்க மரக்கறி வெட்டினவள். அப்ப ஒருத்தரும் குடும்பமோ எண்டு கேக்கேல்லை."

மற்ற வீடுகளில்: "அவரிட்டக் கேக்கோணும்." "தலைவி என்ன சொல்லுறா?" ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே டிவிச் சத்தத்தை மட்டும் குறைத்தார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மப்பு வானம். கோயிலில் விளக்குப் பூசை. சரோ போகவில்லை. ரீச்சரும் மலரும், அபியும் வாணியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹோலில் நாலு விளக்கு, அதில் ஒன்று அபிக்கும் வாணிக்கும். சுடர் அணையாமல் இருக்க ஃபேனை நிறுத்தியாயிற்று. நான் வியர்த்தேன்.

முடிந்ததும் சரோ குசினிக்குள் கூப்பிட்டாள். "கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துகொண்டு வாங்கோ. வாணியின்ர பேரும் சொல்லுங்கோ. அவளின்ர வீட்டில இப்ப அவளின்ர பேருக்குச் செய்யிறேல்லையாம்."

நாலு பெயர், நாலு நட்சத்திரம். வழி முழுக்கப் பாடமாக்கினேன். ஓ.எல். சோதினைக்கு இப்படிப் படித்திருந்தால் ஒரே தரத்தில் பாஸ்.

சந்நிதியில் ஐயர் கேட்டார். என் பெயர் சொன்னேன், சரோ, அபி.

"வேற?"

எனக்குப் பின்னால் தலைவி, கையில் பூத்தட்டு.

"அவ்வளவுதான் ஐயா."

வீட்டில் வாணி இரண்டு கையாலும் விபூதி வாங்கினாள். "என்ர பேரும் சொன்னீங்களோ அங்கிள்?"

"ஓம் பிள்ளை."

பூசிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

வாணி. விசாக நட்சத்திரம்.