இடதுபக்க ஃபுட்ரெஸ்ட்

நம்புசியின் அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூட்டிவர நான் பைக்கில் வரவில்லை. முகோனோவிலிருந்து குழந்தையோடு கம்பாலா வேனிலேயே வந்துவிடு. உன் அம்மா கேட்டால் வண்டி ரிப்பேர் என்று சொல்.

காலையில் வண்டி கழுவும்போது பின்சீட்டின் இடதுபக்க ஃபுட்ரெஸ்ட் கையோடு வந்துவிட்டது. வாடகைக்குப் பின்னால் ஏறும் சவாரிக்காரர்களின் செருப்பு சேற்றில் வழுக்காமலிருக்க அதில் டியூப் ரப்பரைச் சுற்றியவன் நான்தான். அவிழ்த்தால் உள்ளே பாதிக்குமேல் விரிசல். மெக்கானிக் கிஸிட்டோ பார்த்துவிட்டு, "பொம்பளைங்க ஒருக்களிச்சு உக்காந்து ரெண்டு காலையும் இதுமேலதானே வைக்கிறாங்க. வாரம் ஒருதடவை அவுத்துப் பாக்க மாட்டியா?" என்றான். செயின் பார்ப்பேன், பிரேக் பார்ப்பேன். என் கால் அங்கே படுவதே இல்லை.

போன மாதம் உன்னை உன் அம்மா வீட்டில் கொண்டுவிட்டபோது, வழியில் அந்த இறக்கத்தில், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, "காலுக்குக் கீழ ஏதோ ஆடுதுங்க" என்றாய். "பிள்ளை பெத்து குண்டாயிட்ட, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்தேன். பின்னால் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது.

புதிதாக மாட்டி, மேலே ஏறி நின்று குதித்தும் பார்த்துவிட்டேன். அசையவில்லை. ஆனாலும் வேனிலேயே வா.

விரிசலுக்குள் துரு ஏறியிருந்தது. ஒரு நாளில் ஏறுகிற துரு இல்லை. நீ குண்டாகவேயில்லை.

இப்படிக்கு,
அவள் அப்பா