புலுனிகள் சம்மதிக்கவில்லை

அளவெட்டி
18.05.2025

அன்பு மகன் சிவரூபனுக்கு,

நீயும் மருமகள் சுவர்ணாவும் பேத்தி ஆரபியும் நல்ல சுகத்தோடு இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். இங்கே நாங்களும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார், இது அவருக்குத் தெரியக்கூடாத கதை. பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி நாளைக்குப் பலாலியில் விமானம் ஏறிச் சென்னை வழியாக ரொறன்ரோ வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். முன்பு கொழும்புக்குப் போகவே ஓர் இரவு வேண்டும். விமானம் வந்ததோடு ஊருக்குக் காசும் வந்துவிட்டது, நாலு வீட்டுக்கு ஒரு விடுதி கட்டுகிறார்கள், மா, பலா, வேம்பு என்று பாராமல் தறிக்கிறார்கள், கிணற்றிலும் தண்ணீர் கீழே போகிறது. எங்கள் கோழிகள் இப்போது விமானச் சத்தத்துக்குத் தலை நிமிர்த்துவதுகூட இல்லை.

ஆவணியில் வரும்போது வெக்கையில் ஆரபிக்கு நித்திரை வராது, விடுதியில் நிற்கிறோம் என்று சொன்னாயல்லவா. ஓட்டு வீட்டுக்கு ஏசி சரிவராதாம், அதனால் யன்னலோரத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தைத் தறித்து அந்த இடத்தில் புது அறை கட்டப் போகிறேன் என்று அப்பா மறுநாளே மரம் தறிக்கிற அடைக்கலநாதனைக் கூட்டி வந்துவிட்டார். அடைக்கலநாதன் மரத்திலுள்ள சீவன்களிடம் கேட்காமல் கோடரி வைக்கமாட்டார். அப்பா கற்பூரம் கொளுத்தி, எல்லோரும் வேறிடம் போய்ச் சேருங்கள் என்று கும்பிட்டார். உடனே ஏழெட்டுப் புலுனிக் குருவிகள் இறங்கி வந்து அவரைச் சுற்றிக் கத்தின கத்தில் ஒழுங்கைச் சனமே கூடிவிட்டது. அடைக்கலநாதன் மரத்தில் ஏறிப் பார்த்தால் கூட்டில் நாலு நீல முட்டை. இறங்கி வந்து கோடரியைக் கீழே வைத்து, "ஐயா, நாங்கள் கேட்டனாங்கள். மாட்டம் எண்டிட்டுதுகள்," என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அதற்கு அப்பா என்னோடு மூன்று நாள் கோபம்.

இப்போது குஞ்சு பொரித்துவிட்டது. தறிக்க நின்ற அதே மனிதர் கதிரையைப் போட்டு மரத்தடியில் இருந்து பூனை கலைக்கிறார். ஆனால் மகன், அறையும் இல்லை, நீ விடுதிக்குத்தான் போவாய் என்று அவருக்குள்ளே பெரிய கவலை. நில் என்று வாய் திறந்து கேட்கமாட்டார், உனக்குத் தெரியும்தானே. மாமர நிழல் விழுகிற உன் பழைய அறையில் நேற்று மத்தியானம் படுத்துப் பார்த்தேன், போர்வை தேட வேண்டியதாயிற்று. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனால் குளிர்ச்சிதான். ஒரு கிழமையாவது எங்களோடு நில்லுங்கள். ஆரபிக்குப் புலுனி பார்க்க ஆசை என்று நீயாகச் சொல்வதுபோல் அப்பாவிடம் சொல்.

மூவரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருங்கள். கேதீஸ்வரியிடம் மிளகாய்த்தூளும் இருக்கிறது, கேட்டு வாங்கு. வாசித்ததும் இதைக் கிழித்துவிடு, போனில் உளறிவிடாதே. அப்பா இன்று காலை உன் கட்டிலைத் துடைத்து யன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன், கறையான் பார்க்கவாம்.

இப்படிக்கு,
உன் வரவு பார்த்திருக்கும் அம்மா,
இரத்தினம்மா