கைப்பிடி இல்லாத கதவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

சென்ற வாரம் ஒரு கூத்து நடந்தது. அம்மாவிடம் சிரிக்கிற மாதிரி சொல்லுங்கள். தாத்தா காலத்து வீடு ஒன்றில், மூன்றாவது மாடி அறையின் பழைய கதவைப் புதுப்பித்து மாட்டினேன். பித்தளைக் கைப்பிடி பாலிஷுக்குப் போயிருந்தது. எங்கேயாவது உரசுகிறதா என்று உள்ளே நின்று பார்க்கும்போது காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்துக்குள் விழுந்துவிட்டது. திருப்பக் கைப்பிடி இல்லை. கருவிப் பையும் அதிலிருந்த போனும் வெளியே.

ஓர் உதை விட்டிருந்தால் திறந்திருக்கும். ஆனால் ஒரு மாதமாக நானே பெயின்டைச் சுரண்டி, உளுத்த இடத்தில் மரத்துண்டு வைத்து ஒட்டிய கதவு. கால் வரவில்லை, அப்பா. ஜன்னலில் நின்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் அந்த வீட்டில் வேலை செய்யும் பெயின்டர் வந்துதான் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பித் திறந்தார். "அடப்பாவி, நீ நேத்தே கிளம்பிட்டேன்னுல்ல நெனச்சேன்!" என்றார். என்னோடு தங்கியிருப்பவர்களோ, "வேற எங்கயோ வேலைன்னு நெனச்சோம்" என்றார்கள். பையைத் திறந்து போனைப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று. ஞாயிறு மட்டும்தானே போன் பண்ணுகிறீர்கள்? இனி தினமும் சாயங்காலம் ஒரு தடவை பண்ணுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் எடுக்காவிட்டால் மட்டும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, என்னைத் தேடச் சொல்லுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்